ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி: வரத்து வாய்க்காலை மட்டம் பார்த்துத் தூர்வாரி ஓடவைக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியின் பாகூர் ஏரி நிரம்பவில்லை என்றால் ஏரிக்குள் இறங்கி மண் எடுக்கும் பேச்சுதான் முதலில் வருகிறது. ஆனால் அந்த ஏரி உள்ளூர் மழையை மட்டும் நம்பி வெட்டப்பட்டதில்லை. விழுப்புரம் மாவட்டத்துச் சொர்ணாவூரில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள அணைக்கட்டில் பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் அதற்குத் தாய்ப்பால். ஊசுடு ஏரிக்குச் சங்கராபரணியிலிருந்து வரும் சுத்துக்கேணி வாய்க்கால் அப்படி. வீராணத்துக்குக் கொள்ளிடம் கீழணையிலிருந்து வரும் வடவாறு அப்படி. வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும்போது ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது காலிப் பாத்திரம்தான்.

இந்த வாய்க்கால்கள் பழைய ஊர்களைத் தாங்கியவை. பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடையளித்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. கல்விக்கூடம் நடத்தும் அளவுக்கு நெல் விளைந்த பூமி அது. வீராணம் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் தங்கள் செல்வத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள், அந்தப் பங்காரியின் பேர்தான் பங்காரு வாய்க்காலுக்கு நிலைத்தது என்பது ஊர் வழக்கு.

ஏரிப் பாசன விவசாயிகள், ஊர் இளைஞர் குழுக்கள், கோயில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர நினைப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி. அகலம் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை உள்ள மண் வாய்க்காலை மனதில் வைத்து எழுதப்பட்டது. இதில் திரும்பத் திரும்ப வரப்போகிற சொல் ஒன்றுதான்: மட்டம். தூர்வாரும் வேலை கெட்டுப்போகும் இடங்களில் பெரும்பாலும் ஆழத்தைப் பார்த்திருப்பார்கள், மட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாய்க்காலின் உறுப்புகள்

ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு. அதன் ஓரத்தில், வாய்க்கால் பிரியும் இடத்தில் தலைமதகு. தலைமதகுக்குப் பக்கத்திலேயே, ஆற்றுப் பக்கம் திறக்கும் மணற்போக்கி. தலைமதகின் அடியில், ஷட்டர் உட்காரும் கல் அல்லது கான்கிரீட் படி இருக்கிறதே, அதுதான் தலைமட்டம். வாய்க்கால் ஏரிக்குள் இறங்கும் இடத்தில் உள்ள படி கடைமட்டம். இந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவே உள்ள இறக்கம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. வழியில் பாலங்கள், குழாய்ப் பாலங்கள், கிளை மடைகள், உபரியை ஓடையில் விடும் வடிகால் மதகுகள். ஏரிக்குப் போனால் பாசன மதகுகளும், நிரம்பினால் வழிய கலங்கலும்.

காலம்

தென்பெண்ணை, சங்கராபரணி வாய்க்கால்களுக்குப் பெரிய தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். பங்குனியில் தொடங்கினால் ஆவணிக்குள் முடிக்கலாம். வடவாறு, வடக்கு ராஜன் போன்ற கீழணை வாய்க்கால்களுக்கு அந்த அவகாசம் இல்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் ஆனியிலேயே கீழணைக்குத் தண்ணீர் வந்து நிற்கும். அங்கே சித்திரை, வைகாசி இரண்டு மாதம்தான் வேலைக்காலம். கீழணை வாய்க்காலில் ஆனியில் பொக்லைன் இறக்கினால் பாதி வேலை தண்ணீரோடு போய்விடும்.

முதல் படி: காகிதம்

வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று தெரியும், எவ்வளவு அகலம் என்று பெரும்பாலும் தெரியாது. கிராம வரைபடம், புல எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் பதிந்த அ-பதிவேடு, வாய்க்கால் கடந்துபோகும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் புல வரைபடம், இவை மூன்றும் கையில் வேண்டும். அ-பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருக்கும் பரப்பு தண்ணீர் ஓடும் பள்ளத்தை மட்டும் குறிப்பதில்லை. இரண்டு பக்கக் கரையும் அதில் அடக்கம். 3 மீட்டர் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு 10, 12 மீட்டர் புறம்போக்கு இருப்பது சாதாரணம். கரையை வயலோடு சேர்த்து உழுதுவிட்டால், பார்ப்பதற்கு வாய்க்கால் முழுசாகத்தான் இருக்கும். மண் போட இடமும் நடந்துபோக வழியும் காணாமல் போயிருக்கும்.

பங்காரு போன்ற வாய்க்காலுக்குத் தலை தமிழ்நாட்டில், கடை புதுச்சேரியில். மனு இரண்டு பக்கமும் போக வேண்டும்: தமிழ்நாட்டுப் பகுதிக்கு நீர்வளத் துறையும் வட்டாட்சியரும், புதுச்சேரிப் பகுதிக்குப் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவும் கொம்யூன் பஞ்சாயத்தும். ஆக்கிரமிப்பை அகற்றச் சட்ட வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அளவையர் வந்து கல் போட்ட பிறகுதான் கரையைத் தொட வேண்டும். தகராறுக்கு இடமுள்ள பகுதியில் இயந்திரத்தை முதலில் இறக்கிவிட்டால் தடையாணை வரும், அந்தப் பருவம் போய்விடும்.

இரண்டாம் படி: தலையிலிருந்து கடைவரை நடப்பது

நடப்பது தலையிலிருந்து கடைக்கு, வெட்டுவது கடையிலிருந்து தலைக்கு. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

நாலு பேர் போதும். 30 மீட்டர் டேப், கடப்பாரை, மண்வெட்டி, நோட்டு, போன் கேமரா, சுண்ணாம்பு அல்லது பெயின்ட். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கட்டாயம். புதரில் கண்ணாடிவிரியன் இருக்கும், தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம்.

100 மீட்டருக்கு ஒரு குறி போடுங்கள். ஒவ்வொரு குறியிலும் நோட்டில் எழுத வேண்டியவை: அடி அகலம், மேல் அகலம், கரை உயரம் (இடம், வலம் தனித்தனியாக), என்ன களை, எந்த மண், பக்கத்தில் சாக்கடை கலக்கிறதா, பாலம் இருந்தால் அதன் கண் அகலமும் உயரமும்.

பிறகு சோதனைக்குழி. இதைத்தான் ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். வாய்க்காலின் நடுவில் கடப்பாரையைக் குத்தினால் வண்டலில் அது தானாக இறங்கும். ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும். அங்கே ஒரு முழ அகலத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே கறுத்த, நாற்றமடிக்கிற சேறு. அதற்குக் கீழே மெல்லிய மணல் அடுக்கு ஒன்றிரண்டு, பழைய வெள்ளங்கள் விட்டுப்போனவை. அதற்கும் கீழே நிறம் சட்டென்று மாறும்: மஞ்சள் கலந்த கெட்டிக் களி, வேர் கிடையாது, மண்வெட்டி பட்டால் வழுவழுப்பாகச் சீவிக்கொண்டு வரும். அதுதான் அந்தக் காலத்தில் வெட்டிய தளம். வண்டல் எத்தனை செ.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள். தளத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: மட்டம் எடுப்பது

கடலூர், புதுச்சேரிச் சமவெளியில் வாய்க்காலின் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. 2500க்கு 1 என்ற சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 40 செ.மீ. 100 மீட்டருக்கு 4 செ.மீ. மட்டுமே. நின்று பார்த்து ‘இந்தப் பக்கம் பள்ளம்’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அந்த வார்த்தையை நம்பி வெட்டக்கூடாது.

ஆட்டோ லெவல் கருவி வாடகைக்குக் கிடைக்கும். அதை இயக்கத் தெரிந்த டிப்ளமோ படித்த பிள்ளை ஒருவராவது ஊரில் இருப்பார். முறை எளிது. தலைமதகின் படியில் ஸ்டாஃபை (அளவு குறித்த நீளக் கோலை) நிறுத்தி அளவு படியுங்கள். அந்தப் படியை 10.000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியை நகர்த்தாமல் முன்னால் 40, 50 மீட்டரில் அடுத்த குறியைப் படியுங்கள். பின்னால் படித்தது 1.200, முன்னால் படித்தது 1.235 என்றால் அந்த இடம் 3.5 செ.மீ. தாழ்வு, அதாவது 9.965. கருவியிலிருந்து பின்புள்ளியும் முன்புள்ளியும் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கட்டும். கருவியில் சிறு பிழை இருந்தாலும் அப்போது தானே கழிந்துவிடும். ஒவ்வொரு குறியிலும் வண்டல் மேல்மட்டம், சோதனைக்குழியின் அடிமட்டம், இரண்டு கரைகளின் உச்சி என நாலு அளவு. ஏரி போய்ச் சேர்ந்ததும் திரும்பவும் தலைவரை மட்டம் எடுத்து வாருங்கள். 5 கி.மீ. போய் 5 கி.மீ. திரும்பினால் பிழை 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் திரும்ப எடுங்கள், தயங்க வேண்டாம்.

சின்ன இடைவெளிக்கு, கிளை வாய்க்காலுக்கு, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு கோலில் கட்டுவது. உள்ளே ஒரு குமிழி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். டியூபை நீளமாகப் பிடித்துத் தட்டிக் குமிழியை விரட்டியபின் இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து, நீர்மட்டம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது ஒரு கிராஃப் தாளில் தூரத்தைக் கிடையாகவும் மட்டத்தை நெடுக்காகவும் போட்டுப் புள்ளிகளைக் கோடாக்குங்கள். பழைய தளம் ஒரு கோடு, இப்போதைய வண்டல் இன்னொரு கோடு. தலைப்படியையும் கடைப்படியையும் சேர்க்கும் நேர்கோடு மூன்றாவது. எங்கே மேடு, எந்தப் பாலத்தின் படி உயரமாக இருக்கிறது, எங்கே யாரோ முன்பு ஆழமாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் பளிச்சென்று தெரியும். பொறியாளரிடம் பேசப் போகும்போது பத்துப் பக்க மனுவைவிட இந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

நான்காம் படி: கணக்கு

ஒரு மாதிரி வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். அடி அகலம் 3 மீ., தண்ணீர் ஆழம் 1 மீ., பக்கச் சரிவு 1க்கு 1, நீளச் சரிவு 2500க்கு 1. நீர் ஓடும் பரப்பு 4 சதுர மீட்டர். திறந்த வாய்க்காலின் ஓட்டத்தைக் கணக்கிட உதவும் மானிங் சூத்திரத்தில் போட்டால், சுத்தமான மண் வாய்க்காலில் வேகம் வினாடிக்கு 0.62 மீ., அளவு 2.5 கன மீட்டர், அதாவது சுமார் 88 கன அடி.

அதே வாய்க்கால், அதே ஆழம், அதே சரிவு. கோரையும் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் அந்தச் சூத்திரத்தில் வரும் சொரசொரப்புக் கெழு (வாய்க்கால் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) 0.025லிருந்து 0.05 ஆகும். ஓட்டம் நேர் பாதி, 44 கன அடி. ஆகாயத்தாமரையும் சேர்ந்து அடர்ந்துவிட்டால் 0.08. அப்போது 27 கன அடிதான். ஒரு பிடி வண்டல்கூடச் சேராமல், களை மட்டுமே செய்கிற வேலை இது.

பாகூர் ஏரியின் கொள்ளளவு சுமார் 193 மில்லியன் கன அடி. வினாடிக்கு 11.57 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு மில்லியன் கன அடி. இந்த மாதிரி வாய்க்காலால் அப்படியொரு ஏரியை நிரப்ப, வழியில் இழப்பே இல்லை என்று வைத்தாலும், சுத்தமாக இருந்தால் 25 நாள், களை இருந்தால் 51 நாள், ஆகாயத்தாமரை அடர்ந்தால் 81 நாள். தென்பெண்ணையில் அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளம் 81 நாள் நிற்கிற வெள்ளமா? வந்த தண்ணீர் கடலுக்குப் போய்விட்டதே என்று ஒவ்வொரு ஆண்டும் கடலூர்ப் பக்கம் கேட்கிற புலம்பலுக்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

வேகம் வினாடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே போனால் வண்டல் படியும், களை முளைக்கும். 0.9ஐத் தாண்டினால் வண்டல் கலந்த மண் அரிக்கும். நடுவில் வைப்பதுதான் நோக்கம்.

ஐந்தாம் படி: தலைமதகு

தலைமதகின் முன் மணல் மேடு இருந்தால் வாய்க்கால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. மணற்போக்கி அதற்காகத்தான் இருக்கிறது. வெள்ளத்தின்போது தலைமதகை இறக்கிவிட்டு மணற்போக்கியைத் திறந்தால் முன்னால் குவிந்த மணலை ஆறே இழுத்துப் போகும். பல ஆண்டுகள் திறக்காத மணற்போக்கியின் ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். வைகாசியிலேயே திருகுத்தண்டைத் துலக்கி, கிரீஸ் தடவி, முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். இந்த வேலை துறையின் கையில் உள்ளது, ஊர்க்காரர் பூட்டை உடைத்துத் திருகக் கூடாது. ஆனால் கூட நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

எதிர்ச் சிக்கலும் உண்டு. ஆற்றில் மணல் எடுத்து எடுத்துப் படுகை இறங்கிவிட்டால், தலைமட்டம் உயரத்தில் தொங்கும். அணைக்கட்டு பழுதில்லாமல் நீரைத் தேக்கினால்தான் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறும். ‘வாய்க்கால் தலையை இன்னும் ஆழமாக வெட்டுவோம்’ என்று இந்தக் கட்டத்தில் ஒரு யோசனை வரும். வேண்டவே வேண்டாம். தலைப்படியை உடைத்துத் தாழ்த்தினால் ஆற்று மணல் முழுவதும் வாய்க்காலுக்குள் வரும்.

ஆறாம் படி: தூர்வாருதல்

கடையிலிருந்து தொடங்கி மேலே ஏறி வருவது ஏன் என்றால், கோடையில் ஒரு மழை பெய்தாலும் வெட்டிய பகுதியில் நீர் தேங்காமல் ஏரிக்கு வடிந்துவிடும். தலையிலிருந்து இறங்கி வந்தால் வெட்டிய இடமெல்லாம் குட்டையாகும், இயந்திரம் சேற்றில் சிக்கும்.

சவுக்குக் கட்டையில் ஒரு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள்: அடி 3 மீ., உயரம் 1 மீ., மேலே 5 மீ. (சரிவு 1க்கு 1 என்றால்). பொக்லைன் ஒவ்வொரு 20 மீட்டர் முடித்ததும் சட்டத்தை வாய்க்காலில் இறக்கிப் பாருங்கள். சட்டம் உட்காராத இடத்தில் மண் மிச்சம், ஆடுகிற இடத்தில் அதிகம் வெட்டியாயிற்று. களிமண்ணில் 1க்கு 1 சரிவு நிற்கும். வண்டல் மண்ணில் ஒன்றரைக்கு 1, மணற்பாங்கில் 2க்கு 1 வேண்டும். பெண்ணையாற்றங்கரை மணலில் செங்குத்தாக வெட்டிய கரை முதல் தண்ணீரிலேயே சரிந்துவிடும்.

ஆழம் கூடினால் என்ன கேடு என்று இயந்திர ஓட்டுநரும் ஊர்ப் பெரியவர்களும் கேட்பார்கள். விளக்கம் கையில் இருக்கட்டும். 1 கி.மீ. தூரத்துக்கு அரை மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் 1500 கன மீட்டர் நீர் அங்கே தங்கும். அது பத்து நிமிட ஓட்டம்தான், அந்த நீரால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வேறிடத்தில். பள்ளத்தில் வேகம் குறைவதால் அடுத்த ஆண்டு வண்டல் முழுவதும் அங்கேதான் படியும். ஆண்டு முழுக்க நீர் நிற்பதால் ஆகாயத்தாமரைக்கு நாற்றங்கால் ஆகும். கரையின் கால் ஊறி இளகும். களித்தளத்தை ஓட்டை போட்டு மணலைத் தொட்டுவிட்டால் தண்ணீர் பூமிக்குள் போய்விடும். இவ்வளவு செலவழித்தும், கீழே உள்ள பாலத்தின் படி மாறாததால் ஏரிக்குப் போகும் தண்ணீர் ஒரு குடம்கூடக் கூடாது. சோதனைக்குழியில் பார்த்த மஞ்சள் களி வந்ததும் வாளியைத் தூக்கிவிட வேண்டும்.

மண் அளவு: 30 செ.மீ. வண்டல், 3 மீ. அகலம், 1 கி.மீ. என்றால் 900 கன மீட்டர். வெட்டி எடுத்தால் கால்பங்கு உப்பும். டிராக்டர் டிரெய்லருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 375 நடை. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, எங்கே கொட்டுவது என்று முடிவு செய்யாவிட்டால் மண் கரை விளிம்பிலேயே குவியும். முதல் மழையில் திரும்பவும் வாய்க்காலுக்குள் வந்து படுக்கும். விளிம்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் இடம் விட்டுத்தான் கொட்ட வேண்டும். வண்டல் நல்ல உரம், வயலுக்கு எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கலாம். ஊர்ச் சாக்கடை கலந்த பகுதியின் சேற்றை மட்டும் வயலில் போடாதீர்கள்.

களைகளில் மூன்றைத் தனியாகக் கவனியுங்கள். ஆகாயத்தாமரையைக் கீழே தள்ளிவிடுவது பெரும் தவறு. அடுத்த பாலத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கரையில் இழுத்துப் போட்டுக் காயவிட வேண்டும், பூப்பதற்கு முன் எடுத்தால் விதை சேற்றில் தங்காது. நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டினால் போதாது. ஒரு சாண் தண்டு ஈரத்தில் விழுந்தாலும் வேர் பிடிக்கும். வேரோடு பிடுங்கி, கரைக்கு வெளியே குவித்து, காய்ந்தபின் அப்புறப்படுத்துங்கள். சீமைக்கருவேலம் கரை உச்சியில் இருந்தால் வேரைப் பிடுங்கிய குழியை அன்றைக்கே களி போட்டு இடித்து மூட வேண்டும். விட்டுவைத்தால் ஐப்பசியில் அந்தக் குழி வழியாகத்தான் கரை உடையும். பனைமரத்தைத் தொடாதீர்கள். அதன் சல்லிவேர் கரையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது.

பாலங்கள்

நன்றாகத் தூர்வாரிய வாய்க்காலைக் கொல்வது குழாய்ப் பாலம். வயலுக்கு டிராக்டர் போக 600 மி.மீ. குழாய் மூன்றைப் போட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். மூன்று குழாயின் பரப்பும் சேர்ந்து 0.85 சதுர மீட்டர். நம் மாதிரி வாய்க்காலின் பரப்பு 4. அதே தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போக வேண்டுமென்றால் மேல்பக்கம் அரை மீட்டருக்கு மேல் நீர் உயர்ந்து நிற்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இறக்கத்தை ஒரே பாலம் தின்றுவிடும். மேல்பக்கக் கரை வழியும், கீழ்ப்பக்கம் வாய்க்கால் அரைகுறையாக ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் வாய்க்காலின் அடி அகலம் முழுவதும் திறந்திருக்கும் பெட்டிப் பாலம் வேண்டும், அதன் தளம் தாளில் போட்ட சரிவுக்கோட்டுக்கு மேலே வரக்கூடாது. உடனே கட்டப் பணமில்லை என்றால், பட்டியலில் முதல் கோரிக்கையாக அதை வையுங்கள். மற்றவை பிறகு.

ஏழாம் படி: கரை

நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் கரை, உச்சியில் நடக்க ஒன்றரை மீட்டர் அகலம். தாழ்ந்த இடத்தில் மண்ணைக் கொட்டி வாளியால் தட்டுவது கரை ஆகாது. பழைய கரையின் புல்லைச் செதுக்கி, படிபடியாக வெட்டி, நனைத்து, 15 செ.மீ. அடுக்காகக் களிமண் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இடிக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கி உருட்டுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் மூன்று நாலு துண்டாக உடைய வேண்டும். பொடியானால் நீர் போதாது, அப்பமாகப் பரவினால் ஈரம் அதிகம்.

நண்டு வளை, எலி வளையை வாய்மட்டும் அடைத்தால் உள்ளே சுரங்கம் அப்படியே இருக்கும். வளையின் போக்கிலேயே வெட்டிக்கொண்டு போய் முடிவு தெரிந்தபின் களி மிதித்து மூடுங்கள். அரிப்பு எடுக்கும் வளைவுகளில் நம் பக்கத்துச் சவுக்கே கைகொடுக்கும்: 2 மீட்டர் கம்பை அரை மீட்டர் இடைவெளியில் பாதி நீளம் அடித்து, பின்னால் தென்னங்கீற்றுத் தட்டி வைத்து, மண் மூட்டை அடுக்குவது. மூட்டையை முக்கால் பாகத்துக்குக் கீழேயே நிரப்புங்கள். முட்ட நிரப்பிய மூட்டை உருளும், இடைவெளி விடும்.

எட்டாம் படி: தண்ணீர் விடுதல்

காய்ந்த வாய்க்காலில் ஷட்டரை முழுக்கத் திறந்தால் புதுக்கரை போய்விடும். முதல் நாள் கால்பங்கு திறப்பு. இரண்டு பேர் தலைநீரோடு கூடவே கரையில் நடக்க வேண்டும். முதல் தண்ணீர் சருகு, பிளாஸ்டிக், பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பாலத்திலும் ஆள் நின்று நீளக் கொக்கியால் இழுத்து வெளியே போட வேண்டும். 24 மணி நேரம் கரை ஊறட்டும். கரையின் வெளிப்பக்கக் காலடியைப் பாருங்கள்: தெளிந்த நீர் கசிந்தால் குறித்து வைத்துக் கவனியுங்கள், கலங்கிய நீர் கசிந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று பொருள். உடனே ஷட்டரைக் குறைத்து அந்த இடத்தைப் பலப்படுத்துங்கள். பிறகு அரை, அதற்கு அடுத்த நாள் முழுது.

மூடும்போதும் அவசரம் கூடாது. நிறைந்து ஓடும் வாய்க்காலை ஒரே மூச்சில் நிறுத்தினால், ஊறிய கரை பக்கத்துணை இழந்து உள்ளே சரியும். படிப்படியாக, ஒரு நாள் எடுத்து இறக்குங்கள்.

ஆறு கரைபுரளும் வெள்ளத்தில் தலைமதகை இறக்கிவிடுவதே சரி. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின் தென்பெண்ணையில் வந்தது போன்ற வெள்ளத்தில் வாய்க்காலைத் திறந்து வைத்தால் ஏரிக்கரைக்கும் வழியோரக் குடியிருப்புக்கும் ஆபத்து. வெள்ளம் தணியும் நாட்களின் நீர்தான் நமக்கு வேண்டியது, அதில் மணலும் குறைவு. ஏரி நிரம்பிய பிறகு கலங்கல்மீது மூட்டை அடுக்கி உயர்த்துவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். வீராணத்தில் 47.50 அடிக்கு மேல் ஏற்றாமல் உபரியை வெள்ளியங்கால் ஓடையில் விடுவதும் கரையைக் காப்பாற்றத்தான்.

ஊருக்குள் வரும் பகுதி

புதுச்சேரி நகருக்குக் குடிநீர் ஒரு காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் நிற்பது அதன் நினைவாகத்தான். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதை அந்த ஊர்க் குளத்தோடு சேர்ந்தது. நகருக்குள் வெள்ளையர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வடிகால். வரத்து வாய்க்காலையும் வடிகாலையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும், ஊருக்குள் வேலை செய்யும்போது முதல் விதியே இதுதான்.

கோயில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருபவர்கள், குளத்தில் விழும் இடத்துக்கு முன் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். வாய்க்கால் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம், தளம் அரை மீட்டர் தாழ்வு, அதற்கு முன் விரலகல இடைவெளியில் கம்பி வலை. முதல் மழை நீரைக் குளத்துக்குள் விடாமல் வடிகாலுக்குத் திருப்ப ஒரு பலகை மதகு. சாக்கடைக் குழாய் ஒன்று கலந்தாலும் குளத்தில் மீன் செத்து மிதக்கும். குழாயை யார் விட்டிருந்தாலும் அதைத் திருப்பிய பிறகுதான் குளத்துக்கு நீர். கடலோர ஊர்களில் இந்தக் குளங்களும் ஏரிகளும் நிறைந்து நின்றால்தான் கிணற்றுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்கும். குடிக்கக் குழாய் நீர் வந்துவிட்டது என்பதற்காக இதைக் கைவிட முடியாது.

யார் பார்ப்பது

பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரி ஏரிகளை விவசாயிகளின் சிந்திகா அக்ரிக்கோல் (வேளாண் சங்கம்), கேஸ் கொம்யூன் (பொது நிதி) அமைப்புகள் பார்த்துக்கொண்டன. தமிழ்நாட்டுப் பக்கம் ஊரார் கூடிப் பழுதுபார்க்கும் குடிமராமத்து. இன்று சங்கம் இருந்தால் அதன் பேரில், இல்லையென்றால் தலை, நடு, கடை என்று மூன்று பகுதியிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக் குழு அமைக்கலாம். கடைமடைக்காரர் இல்லாத குழுவில் தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்திருப்பார், கேட்க ஆள் இருக்காது. மடை பார்க்கும் நீர்க்கட்டிக்கு ஏக்கருக்கு இவ்வளவு நெல் அல்லது பணம் என்று முன்பே பேசி, அறுவடையில் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு 500 மீட்டரிலும் பாலத்தின் பக்கச்சுவரில் செ.மீ. கோடு போட்டு வையுங்கள். நீர் ஓடும் நாட்களில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எல்லா இடத்திலும் அளவு எழுதப்பட வேண்டும். மேலே உயர்ந்து கீழே தாழ்ந்தால் நடுவில் அடைப்பு. இரண்டும் தாழ்ந்தால் தலைமதகில் மணல். மேலேயும் நடுவிலும் சரியாக இருந்து கடையில் மட்டும் தாழ்ந்தால் யாரோ மடை திறந்திருக்கிறார்கள், இல்லை கரை கசிகிறது. மாசியில் நீர் நின்றதும் ஷட்டர் திருகுத்தண்டுக்கு மறுபடி கிரீஸ் தடவி, சாக்கு சுற்றிக் கட்டி, இந்த நோட்டையும் மட்டத் தாளையும் சங்கத்தின் பெட்டியில் வையுங்கள். அடுத்த பங்குனியில் சோதனைக்குழி வெட்டும்போது அவை இரண்டும் முதலில் வேண்டும்.